பலா மரத்தடியில் பிடிபட்டவன்

என்னைவிடப் பெரிய முட்டாள் ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டு பக்கம் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு நாய்க்கதையை நம்பி, எனக்குச் சோறு போட்ட வீட்டையே திருட்டு வீடு என்று முடிவு கட்டியவன் நான்.

கதை உண்மைதான். செங்கம் பக்கம் பல்லவர் காலத்து நடுகல் ஒன்று உண்டு. மாடு மீட்கும் சண்டையில் செத்த வீரனுக்கு எடுத்த கல். அவன் பக்கத்தில் அவன் நாயும் நிற்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற நாய் என்று பெயரோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கெல்லாம் கல்லில் பெயர் வராது. நான் பலாச்சுளை விற்கிற தள்ளுவண்டியில்கூட இல்லை.

அந்த வருஷம் புதூர்நாட்டுக்கு மேலே ஒரு சிற்றூரில் பலா மரங்களை முதல்முறையாகக் குத்தகைக்கு எடுத்திருந்தேன். அந்தப் பழத்தின் தித்திப்புக்குத்தான் என் வண்டியில் கூட்டம். மரம் கைவிட்டுப் போனால் வண்டியும் போனது. மரத்துக்கார அம்மாவின் செவலை நாய் மரத்தடியிலேயே கிடக்கும். நடுகல் கதையைச் சொல்லி, "இதுவும் அந்த வம்சமா இருக்கும்" என்றேன். அந்த அம்மா சிரித்தார்.

ஆனால் நான் ஜீப்பில் மலையேறும்போதெல்லாம் மரத்தில் காய் குறைந்திருந்தது. நாய் குரைத்ததாக யாரும் சொல்லவில்லை. குரைக்காத நாய்க்கு வேண்டியவன்தானே திருடன்? அந்த அம்மா சாமைச் சோறு போட்டார். சந்தேகத்தோடு இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டுக்குள்ளிருந்து பலா வாசனை வந்தது. போதாதா?

அந்த மலையில் வீட்டுப்பக்கம் வருகிறவன் தூரத்திலேயே குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காதவன் கள்ளன். இது தெரிந்தும் ஒரு விடியற்காலையில், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் பூனை மாதிரி போனேன். நாய் குரைக்கவும் இல்லை, கடிக்கவும் இல்லை. வேட்டி முனையைக் கவ்விக்கொண்டு நின்றது. நான் மிச்ச வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்து நிலத்துக்காரர் அரிவாளோடு வந்தார். "யாருய்யா அது, கொரல் குடுக்காம?"

"நான்தாம்பா."

"எல்லாத் திருடனும் நான்தான்னுதான் சொல்லுவான்."

அந்த அம்மாவும் வந்துவிட்டார். "இன்னாணா, செருப்பு கையில கீது?"

"காலு வலிம்மா."

"கால் வலிக்கு முள்ளு மேல நடக்கறாரு போல" என்றார் அரிவாள்காரர்.

வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன். "காய் கொறையுதேன்னு பாக்க வந்தேன்."

அந்த அம்மா வீட்டின் பின்னறையைத் திறந்தார். சாமை வைக்கோலுக்கு அடியில் என் காய்கள் வரிசையாகக் கிடந்தன; சில பழுத்தே விட்டிருந்தன.

"மரத்துல பழுத்தா வாசத்துக்குக் கரடி வந்துரும்ணா. முத்துனத எறக்கி மூடி வெக்கறதுதான் இங்க வழக்கம். வூட்டுக்கு வந்தா எடுத்துக்கினு போவீங்கன்னு பாத்தேன். நீங்க மரத்தையே அண்ணாந்து பாத்துட்டு, துன்னுட்டு, பேசாம போய்ட்டீங்க."

அரிவாள்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்கு வண்டி ஞாபகம் வந்தது. குரல் இறங்கிவிட்டது.

"வர்ற வருஷமும் மரத்த எனக்கே விடுவியாம்மா?"

வேட்டியை இன்னும் விடாமல் நின்ற நாயை அந்த அம்மா ஒரு பார்வை பார்த்தார்.

"அதக் கேட்டுக்கினு சொல்றேன்."