மக்காச்சோளம் பூத்தால் குதிரைக்கு அரிக்கும்

எங்கள் வெள்ளைக் குதிரை தன் தொடையைத் தானே கடித்துச் சதையைப் பிய்த்ததை நான் பார்த்திருக்கிறேன். ஐப்பசியில் பெரம்பலூர்ப் பக்கம் எங்கே திரும்பினாலும் மக்காச்சோளம் பூத்து நிற்கும். அந்தப் பூந்தூளும் அப்போது மொய்க்கிற பொடிப்பூச்சியும் அதற்கு ஆகாது. வேப்பமரத்தில் கழுத்தைத் தேய்த்துத் தேய்த்து, பட்டையெல்லாம் ரத்தம் காய்ந்திருக்கும். தேய்க்காதே என்று என் வீட்டுக்காரர் சாட்டையால் விளாசுவார். அரிப்பை அடித்து நிறுத்த முடியுமா? கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட் வண்டி விடுவதுதான் எங்கள் பிழைப்பு. புண் பிடித்த குதிரைக்குப் பின்னால் எந்த மாப்பிள்ளை உட்காருவான்?

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வந்து பார்த்தார்.

"இது ஸ்டீராய்டு மாத்திரைங்க. காலையில தவிட்டோட ஒரு வேளைதான். அரிப்பு அடங்குனதும் கொஞ்சம் கொஞ்சமா கொறச்சு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடுக்கணும். நீங்களா கூட்டவும் கூடாது, பட்டுனு நிறுத்தவும் கூடாது. தெனமும் கொளம்பத் தொட்டுப் பாருங்க. சுட்டுச்சுன்னா உடனே போன் பண்ணுங்க."

வீட்டுக்காரர் போனில் மண்டபக்காரரோடு பேசிக்கொண்டே தலையை ஆட்டினார். நான் கதவுக்குப் பின்னால் நின்று ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டேன். ஐந்தாவது வரைதான் படிப்பு. ஆனால் காதில் விழுந்தது மறக்காது. அதை வாய் திறந்து சொல்லத்தான் தைரியம் கிடையாது.

அவர் மாத்திரை கொடுத்ததே வேறு கணக்கு. முகூர்த்தம் இருந்தால் அள்ளிக் கொடுப்பார். மார்கழி பிறந்ததும் அடியோடு நிறுத்திவிட்டார். "கல்யாணமே இல்லாத மாசத்துல இதுக்கு என்னடி மருந்து?" என்றார். குதிரை தீனி எடுக்காமல் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. பிறகு அரிப்பு பழையபடி வந்தது. தை பிறந்தது; மறுபடி இரண்டு மடங்கு கொடுத்தார். மேனி பளபளத்தது. ஆனால் என்றும் இல்லாதபடி வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தது. அப்போதும் நான் பேசவில்லை.

அரியலூர் மாப்பிள்ளைக்கு எங்கள் ஊர் மண்டபத்தில் அழைப்பு. அன்று மத்தியானம் முன்னங்கால் குளம்பைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி சுட்டது.

"கொளம்பு சுடுதுங்க," என்றேன்.

"நீ எப்ப டாக்டருக்குப் படிச்ச? போய்ப் புல்ல அறு."

வண்டியில் பூட்டினார். குதிரை முன்கால் இரண்டையும் நீட்டி, பின்பக்கமாகச் சாய்ந்து நின்றதே தவிர ஒரு அடி வைக்கவில்லை. அடித்தார். சாட்டை முறிந்தது. கம்பை எடுத்து முழங்காலிலேயே போட்டார். "மாப்ள காத்துக்கிட்டு நிக்கிறான், ஒனக்குத் திமிராடி?" என்று கடிவாளத்தை இழுத்தார். வாயோரம் கிழிந்து நுரையோடு ரத்தம் வந்தது. அது ஒரே கவ்வாக அவர் முழங்கைக்குக் கீழே கடித்துப் பிடித்து உதறியது. சதை தொங்கியது. விடுபட்டதும் அவர் ஓடிப்போய் எடுத்தது கடப்பாரையை. மண்டைக்குக் குறி வைத்து ஓங்கினார்.

நடுவில் போய் நின்றேன். புல்லறுத்த அரிவாள் கையிலேயே இருந்தது.

"எறக்கு. எறக்கலன்னா அந்தக் கைய முழுசா எடுத்துருவேன்."

நாற்பது வருஷத்தில் அவரை ஒருமையில் பேசியது அன்றுதான். இடது கையால் கன்னத்தில் அறைந்தார். பல் ஒன்று ஆடிப்போனது. நான் நகரவில்லை. அவர் கையிலிருந்து ரத்தம் சொட்டிச் சொட்டிக் கடப்பாரை வழுக்கிக் கீழே விழுந்தது. திரும்பிச் சாரட்டின் தோல்வாரை அறுத்துவிட்டேன். குதிரை அப்படியே மடங்கிப் படுத்தது.

முன்பின் பழகாத ஆளுக்கு நான் போன் போட்டதும் அதுதான் முதல் தடவை. டாக்டரம்மா வந்ததும் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தும் வாயை மூடியிருந்ததையும் சொன்னேன்.

"மாத்திரை மிஞ்சிப்போனா கொளம்பு உள்ளயே வெந்துரும்மா. அதுல நின்னதே பெருசு," என்றார். அப்போதும் ஒரேயடியாக நிறுத்தவில்லை. எந்த நாளைக்கு எவ்வளவு என்று குறைத்துச் சொன்னார். மணல் கொட்டிப் படுக்க வைத்தோம். மீன் கடையில் ஐஸ் வாங்கி வந்து குளம்பைச் சுற்றிக் கட்டினேன். ஐந்தாம் நாள்தான் எழுந்து நின்றது. நடக்கும், வண்டி இழுக்காது என்றார் டாக்டரம்மா.

கையில் தையல் போட்டுக்கொண்டு வந்த மனுஷர், "இழுக்காத குதிரைய வச்சு என்ன பண்ண? வித்துரலாம்," என்றார்.

"நானும்தான் இனிமே அடங்கி நடக்க மாட்டேன். என்னையும் சேத்து வித்துருங்க."

அவர் சாரட்டை மட்டும் விற்றார்.

இப்போது மாத்திரை டப்பா என் இடுப்புச் சுருக்குப் பையில் இருக்கிறது. மக்காச்சோளம் பூக்கும் முன்பே பூச்சி அண்டாமல் வலை கட்டி, தூசி பறக்காமல் வைக்கோலை நனைத்துப் போடுகிறேன். அப்படியும் அரித்தால் டாக்டரம்மாவைக் கேட்டு அரை மாத்திரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். என் வீட்டுக்காரரைக் கண்டால் குதிரை இன்றும் காதைப் பின்னால் மடிக்கிறது. அவர் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கமாகப் போகிறார்.