கண்ணாடி மேலெழும் நொடி

எழுபதைக் கடந்த ஒருவர் ஒளிப்படக்கருவி வாங்கப் புறப்பட்டால், பேரனுக்குப் பரிசு என்று எண்ணுவர். இல்லையேல், பணி ஓய்வுக்குப் பின் வந்த பொழுதுபோக்கு என்பர். என் காரணம் வேறு. என் முன்னே நிற்பவர்கள் உண்மையிலேயே நிற்கிறார்களா என்பது எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

முதலாமவரைக் கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டை அடுத்த வாய்க்காலோரம் கண்டேன். காலை நடைக்குச் சென்றிருந்தேன். கரும்பு ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தது. வாய்க்காலின் நடுவே, கருநீலப் புடவை உடுத்திய பெண்மணி ஒருவர் கரும்பைப் பார்த்தபடி நின்றார். அவர் கணுக்காலைச் சுற்றித் தண்ணீர் சுழிக்கவில்லை. அதைவிட என்னை அச்சுறுத்தியது அவருடைய தெளிவு. புடவைக் கரையின் வெள்ளைக் கட்டங்களை ஒவ்வொன்றாக என்னால் காண முடிந்தது. கண்புரை அறுவை முடிந்து ஓராண்டுக்கு மேலாகியும் எவர் முகமும் எனக்கு ஈரத்துணியால் துடைத்துவிட்டதைப் போன்றே தெரிந்து வந்தது. மனைவியின் முகமும் அப்படியே. அவ்வாறிருக்க, இந்தப் பெண்மணியின் காதோர நரைமுடி வரை எனக்குத் தெரிந்தது. ஓரடி எடுத்து வைத்தேன். அவர் இல்லை. கரும்புத் தோகைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன.

அதன் பின்னர் அவர்கள் அடிக்கடி வந்தார்கள். கோமுகி அணைக்கரையில் உச்சி வெயிலில், செந்நிறத் தலைப்பாகை அணிந்த ஆடவர் ஒருவர். எங்கள் கொல்லைப்புறத் துணிக்கொடியின் அடியில், பட்டுப்பாவாடை கட்டிய சிறுமியர் இருவர். எவரும் பேசியதில்லை. எவரும் என்னை ஏறிட்டுப் பார்த்ததும் இல்லை. நான் இல்லாத ஓர் இடத்தில் அவர்கள் நின்றுகொண்டிருப்பதைப் போல இருக்கும்.

இதை நான் யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் தம் இறுதிக் காலத்தில் வெற்று நாற்காலிகளை நோக்கி வணக்கம் சொன்னார். இல்லாத விருந்தினருக்கு இலை போடச் சொன்னார். புத்தி பிசகிவிட்டது என்று முடிவு செய்த குடும்பம், அவரைப் பின்கட்டு அறையில் இருத்தி வெளியே தாழிட்டது. அவர் இறந்ததும் அந்த அறையில்தான். எனக்கும் அதுவே தொடங்கிவிட்டதா? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் ஒரு சாட்சியை விலைக்கு வாங்க எண்ணினேன்.

மனைவியின் கைப்பேசியை முதலில் முயன்றேன். துணிக்கொடியைப் படமெடுத்து அவளிடம் காட்டியபோது, துணிதான் இருக்கிறது என்றாள். ஆயினும் அந்தக் கருவியின் சொல்லை நான் நம்பவில்லை. ஒரு திருமணத்தில் அது எடுத்த படத்தில் அவள் முகச்சுருக்கங்கள் அனைத்தும் மறைந்திருந்ததாக உறவினர் சொல்லிச் சிரித்தனர். கன்னத்து மச்சத்தையும் காணோமாம். உள்ள மச்சத்தைத் தன் விருப்பத்துக்கு அழிக்கும் கருவி, நிற்கும் சிறுமியை அழிக்காது என்பதற்கு என்ன உறுதி?

ஆகவே கள்ளக்குறிச்சிக்குச் சென்றேன். பேருந்து நிலையத்துக்குப் பின்புறத் தெருவில், திருமணப் படங்கள் எடுப்பவர் ஒருவர் கடை வைத்திருந்தார். புதியனவும் பழையனவும் விற்பவர்.

"வாங்க சார். பாஸ்போர்ட் சைஸா?"

"ஒளிப்படக்கருவி ஒன்று வாங்க வேண்டும்."

"யாருக்கு சார், பேரனுக்கா?"

"எனக்கு."

"சூப்பர் சார். யூடியூப் கீடியூப் ஆரம்பிக்கப் போறீங்களா? இப்ப பெரியவங்கதான் சார் அதுல ஜாஸ்தி."

உள்ளதை உள்ளபடி பதிவதும், தானாக எதையும் கூட்டவோ குறைக்கவோ செய்யாததும், என் ஓய்வூதியத்துக்குள் அடங்குவதுமான ஒன்று வேண்டும் என்றேன். அவர் முதலில் எடுத்து வைத்தது திருமணங்களில் உழைத்துத் தேய்ந்த பெரிய கருவி. கழுத்தில் மாட்டியதும் பிடரி வலித்தது. அடுத்ததைப் பெருமையோடு நீட்டினார்.

"இப்ப எல்லாம் மிரர்லெஸ்தான் சார். உள்ள கண்ணாடியே கெடையாது. இந்த ஓட்டையில கண்ண வெச்சிப் பாருங்க, குட்டி டிவி மாரி இருக்கும். படம் எப்படி வுழுமோ அப்படியே காட்டிடும்."

கண்ணை வைத்தேன். உள்ளே இருந்தது தெரு அன்று. தெருவை அந்தக் கருவி வரைந்து காட்டிய படம். எதிர்ப்புறம் அடைத்திருந்த கடையின் படியில் ஒருவர் மடித்த குடையுடன் அமர்ந்திருந்தார். குடையின் கைப்பிடியில் சுற்றியிருந்த நூல்கூடத் தெரிந்தது. கண்ணை எடுத்தேன். வெறும் பார்வையிலும் அவர் அங்கேயே இருந்தார்.

"எதிர்க்கடைப் படியில் யாராவது இருக்கிறார்களா?"

"எங்க சார்? அது பூட்டி ஒரு வருசம் ஆவுது. நாயிகூடப் படுக்காது."

அதைக் கீழே வைத்துவிட்டு மூன்றாவதைக் கேட்டேன். கண்ணாடி உள்ள எளிய வகை. புதிதாகக் கற்பவர்கள் வாங்குவது. ஒருவர் வாங்கிச் சில மாதங்களிலேயே திருப்பிக் கொடுத்ததாம். உடன் வந்த சிறிய வில்லை, அதாவது லென்ஸ், அகன்ற காட்சிகளுக்கு ஏற்றது. அதன் வழியே பார்த்தால் எல்லாம் தொலைவுக்குச் சென்று சிறுத்துவிடும். அதன் துளையில் படம் இல்லை. வெளியொளியே கண்ணாடியில் பட்டுத் திரும்பி என் கண்ணுக்கு வந்தது.

"இதுல ஒரு கொற சார், முன்னாடியே சொல்லிடறேன்" என்றார் கடைக்காரர். "க்ளிக் பண்ணும்போது கண்ணாடி மேல தூக்கிக்கும். அந்த நேரம் ஒங்களுக்கு இருட்டாப் பூடும். படத்துல வுழுறது நீங்க பாக்காத நேரந்தான். கேமரா மட்டுந்தான் பாக்கும்."

"எனக்கு வேண்டியது அதுவே."

"நல்லா சொன்னீங்க போங்க! அது வேணாம்னுதான் சார் ஊர்ல எல்லாரும் இத வித்துட்டு மிரர்லெஸ்ஸுக்குப் போய்க்கினு இருக்காங்க!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பார்வை அடைபட்டிருக்கும் நொடியில், எனக்குப் பதிலாகப் பார்க்கும் ஒன்றைத்தானே நான் தேடி வந்தேன். கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன்.

கருவியின் பின்திரையைப் படிக்கும் ஆற்றல் என் கண்ணுக்கு இல்லை. ஆகையால் மாலைதோறும் மனைவியிடம் கொடுத்து, "இதில் யார் இருக்கிறார்?" என்று விளையாட்டுப் போலக் கேட்பேன். அவள் திரையைப் பெரிதாக்கிப் பார்ப்பாள். வாய்க்கால்: யாரும் இல்லை. அணைக்கரை: யாரும் இல்லை. கள்ளக்குறிச்சியில் பூட்டிய கடையின் படி: யாரும் இல்லை. துணிக்கொடி: என் வேட்டி.

"ஏங்க, கேமரா வாங்கினா ஆளுங்கள எடுப்பாங்க. நீங்க இன்னாடான்னா ஆளே இல்லாத எடமாப் பாத்துப் பாத்து எடுத்துகினு வரீங்க" என்றாள் ஒரு நாள். "வெறும் படியக் காட்டி யாரு இருக்காங்கன்னு கேட்டா நான் இன்னான்னு சொல்லுறது?"

அவ்வளவில் ஒன்று உறுதியாயிற்று. அவர்கள் வெளியே இல்லை. அப்படியானால் எனக்குள் இருக்கிறார்கள். தாழிட்ட அறை ஓரடி நெருங்கி வந்தது.

ஒரு வேலைநாளில், மனைவியிடம் அணைவரை செல்வதாகச் சொல்லிவிட்டு மலைப்பேருந்தில் ஏறினேன். கல்வராயன் மலையில் அவர்கள் வருகிறார்களா என்று பார்க்க விரும்பினேன். வெள்ளிமலையை அடுத்து இறங்கி, மரவள்ளிக் காட்டைக் கடந்து, அருவிக்கு மேலுள்ள ஓடையை அடைந்தபோது நண்பகல். கீழே விழும் நீரின் இரைச்சல் மற்ற ஓசைகளையெல்லாம் விழுங்கியிருந்தது. அக்கரையில் குங்கும நிறப் புடவை உடுத்திய பெண்கள், தலையில் குடத்தோடு வரிசையாகச் சென்றுகொண்டிருந்தார்கள். ஒரு குடமும் அசையவில்லை. படம் எடுத்தேன். வரிசை மறைந்தது.

பின்னர் ஓடையின் போக்கில் திரும்பினேன். கரும்பாறை, அதன்மேல் பாசி, பாறைக்கு அப்பால் வானம். ஒருவரும் இல்லை. நெடுநாளுக்குப் பின் ஆளற்ற இடம் ஒன்றைக் கண்ட நிம்மதியில், துளையிலிருந்து கண்ணை எடுக்காமலே மெல்ல முன்னேறியபடி சில படங்கள் எடுத்தேன். அப்போது முட்செடி ஒன்று என் முழங்கையைப் பற்றி இழுத்தது. உதறிவிட்டுப் பின்வாங்கினேன். களைப்பாக இருந்தது. யாரையும் பாராமல் பேருந்துக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் பிற்பகல் மனைவி கூடத்தில் அமர்ந்து படங்களைப் பார்த்தாள்.

"மரம். ஓட. யாரும் இல்ல." குடத்துப் பெண்கள் இல்லை என்பது தெளிவாயிற்று. "அட, இப்பதான் ஒரு ஆள எடுத்திருக்கீங்க! யாருங்க இவரு?"

"எங்கே?"

"பாற மேல. நட்ட நடுவுல. ஒங்களையேதான் பாத்துகினு நிக்கிறாரு."

"அடுத்ததைப் பார்."

"இதுலயும் இருக்காரு. கிட்ட வந்துட்டாரு. கைய ஆட்டுறாரு." அவள் குரலில் இருந்த சிரிப்பு அடங்கியது. "இதுல வாயத் தொறந்து கத்துறாருங்க. எதுக்கு இப்படிக் கத்துறாரு?"

"அடுத்தது?"

"ஆளு இல்ல. ஓரத்துல ஒரு கை மட்டும் தெரியுது." அவள் திரையைப் பெரிதாக்கினாள். "கீழ ஒண்ணுமே இல்லங்க. பாற முடிஞ்சிபோச்சி. பள்ளந்தான் தெரியுது. எங்க போய் நின்னீங்க நீங்க?"

முட்செடியைப் பற்றிச் சொன்னேன். அவள் என் சட்டைக் கையை மேலே ஏற்றிப் பார்த்தாள். முள் கீறிய தடம் ஒன்றும் இல்லை என்றாள். விரல் அகலத்தில் நீலம் பாரித்த கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதாகச் சொன்னாள்.

அதற்கு மேல் மறைக்க என்னால் இயலவில்லை. வாய்க்கால் பெண்மணி முதல் குடத்துப் பெண்கள் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"இப்ப என்னப் பாத்தா தெரியுதா?"

நேராகப் பார்த்தேன். காதுத் தோடு தெரிந்தது, தோள் தெரிந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் அவளுக்குப் பின்னாலுள்ள சுவரின் வெண்மை நிரம்பியிருந்தது. அதையும் சொன்னேன். தந்தையாருக்கு நேர்ந்ததே எனக்கும் நேர்கிறது போலும் என்றேன்.

"மாமாவுக்குக் கண்ணு தெரிஞ்சிதான்னு யாராச்சும் கேட்டீங்களா?" என்றாள். "நான் கல்யாணமாயி வந்தப்ப அவரு சோத்துத் தட்டத் தடவித் தடவித்தான் எடுப்பாரு. நான் புதுப்பொண்ணு, நான் எங்க கேக்குறது?"

மறுநாளே அவள் என்னை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள்.

கண் மருத்துவர் நிதானமாகச் சோதித்தார். விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. அங்கே விழும் காட்சி மூளைக்குச் செல்வதில்லை. அந்த வெறுமையை மூளை சிலசமயம் சுற்றுப்புறத்தால் நிரப்பும், சிலசமயம் தானே புனைந்த உருவங்களால் நிரப்பும். இது புத்திக்கோளாறு அன்று என்றார். சிறிய துளை வழியே, எல்லாவற்றையும் சிறிதாக்கும் வில்லை வழியே பார்த்தால், ஓர் ஆளே அந்த வெறுமைக்குள் அடங்கிவிடக்கூடும் என்றும் சொன்னார். ஊசி மருந்து உண்டு. இழந்தது மீளாது, எஞ்சியதைக் காக்கலாம்.

சொல் புரிந்தது. மனம் ஒப்பவில்லை. பாறையில் நின்றவர் என் கண் மறைத்த மனிதரா, அல்லது வேறு ஏதேனுமா? மீண்டும் மலைக்குப் போய் விசாரிக்கலாம் என்று மனைவியே சொன்னாள்.

அருவிக்குச் செல்லும் வழியிலுள்ள தேநீர்க் கடையில் அவள் படத்தைக் காட்டிக் கேட்டாள். கடைக்கார அம்மையார் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இந்தப் பக்கத்து ஆளு இல்லம்மா. வெளியூராட்டம் இருக்குது. ஆனா அந்த மோட்டுப் பாறைக்கு வெளியூருக்காரங்க போவ மாட்டாங்களே."

வேறொருவரும் அவரை அறியவில்லை. நன்றி சொல்ல ஆளில்லை.

ஓடையை அடைந்ததும், விளிம்புக்கு வெகு முன்பாகவே என்னைப் பாறையில் அமர்த்தினாள். "எழுந்துருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, தான் சென்று அந்த மனிதர் நின்ற இடத்துக்கு இப்பால் நிற்பதாகவும், அவரைப் போலவே கையை ஆட்டுவதாகவும் சொன்னாள். அவள் செருப்பொலி அருவியின் இரைச்சலில் கலந்தது. சற்றுப் பொறுத்துக் கருவியைக் கண்ணில் வைத்தேன்.

பாறை தெரிந்தது. பாசி எங்கும் அறுபடாமல் ஓடியது. நடுவில் இருட்டு இல்லை, மங்கல் இல்லை, பிளவு இல்லை. வானம் முழுமையாக இருந்தது. ஐம்பதாண்டுக் காலம் என்னோடு வாழ்ந்தவள் அந்த வெளியில் எங்கோ நின்று கையசைக்கிறாள் என்பதற்கு ஓர் அடையாளமும் இல்லை. புத்தி அன்று, கண்ணே என்று அப்போது உறுதியாயிற்று. நெஞ்சை அழுத்தியிருந்த ஒன்று இறங்கியது. அதே நேரத்தில் வேறோர் அச்சம் தொடங்கியது. இத்தனை நாளும் நான் வெறுமை என்று கண்ட எத்தனை இடங்களில் யார் யார் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்களோ!

விசையை அழுத்தினேன். கண்ணாடி மேலெழுந்தது; இருண்டது; மீண்டும் அதே பாறை.

அவள் திரும்பி வந்து அருகில் அமர்ந்து, மூச்சு வாங்கியபடி திரையைப் பார்த்தாள்.

"படத்துல நல்லாத்தான் வுழுந்திருக்கேன்" என்றாள். "ஆனா நான் கை வலிச்சிக் கீழ போட்டப்புறம்தான் எடுத்திருக்கீங்க. எவ்ளோ நேரமா ஒங்களக் கூப்டுகினே இருந்தேன் தெரியுமா?"