ஹாக்கி மைதானத்தில் மருமகன் உட்காரும் இடம்

பொங்கல் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, குழித்துறையிலிருந்து அஞ்சுகிராமம் பக்கம் ஒரு ஹாக்கி இறுதிப்போட்டி பார்க்கப் போனேன். விளையாட்டை நேரில் பார்க்க ஊர் ஊராக அலையும் வியாதி எனக்கு உண்டென்பது இந்த வலைப்பூவைப் படிப்பவர்களுக்குத் தெரியும். கிராமத்து மைதானத்தில் டிக்கெட் கிடையாது, இருக்கை எண் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். கேட்பதற்குச் சுகமாக இருக்கும். ஆனால் எங்கே உட்காருவது என்பதில் நான் பட்ட பாட்டை நீங்களும் படக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இந்தத் தடவை சும்மா பார்க்கப் போகவில்லை. என் அக்கா மகள் ஆதிரா பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், எங்கள் பக்கத்துப் பெண்கள் அணிக்கு கோல்கீப்பர். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு இடம் கிடைக்க வாய்ப்பிருந்தது. அந்தக் கல்லூரிப் பயிற்சியாளர் ஒரு வீடியோ கேட்டிருந்தார். முகம் தெரிய வேண்டாம், கால் தெரிய வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். கோல்கீப்பர் பந்தைத் தடுப்பது பெரும்பாலும் காலால்தான், அந்தக் கால் எப்படி நகர்கிறது என்று பார்த்துத்தான் ஆளை எடுப்பார்களாம். திங்கட்கிழமை காலைக்குள் அனுப்பியாக வேண்டும். அதுவரை அக்கா எடுத்துவைத்திருந்த வீடியோக்களில் பாதி வானம், மீதி அக்காவின் கட்டைவிரல். ஆகவே இந்த இறுதிப்போட்டியை விட்டால் வேறு வழியில்லை.

"மாமா, காலு தெரியணும், கேட்டீங்களா? தலைய மட்டும் எடுத்துட்டு வந்தீங்கன்னா எனக்கு சீட்டு இல்ல, பாத்துக்கிடுங்க" என்று ஆதிரா முந்தின நாளே எச்சரித்துவிட்டாள். அவள் அணி வேனில் போய்விட்டது.

இதில் ஒரு சிக்கல். போட்டி நடந்தது என் மனைவியின் ஊரில். எதிரணியும் அந்த ஊர் அணிதான். ஊர்ப்பெயரைச் சொல்ல மாட்டேன், நான் மறுபடியும் அங்கே போக வேண்டியிருக்கிறது. மனைவிக்கு ஹாக்கி பிடிக்காது, வரவில்லை. "எங்க ஊர்ல போய் ஒழுங்கா இருங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

எங்கள் ஊரை ஒட்டிய மார்த்தாண்டத்தில் பேருந்து ஏறினால் நாகர்கோவில் முப்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். அங்கே பேருந்து மாறி அஞ்சுகிராமத்துக்குப் பதினைந்து கிலோமீட்டர். சுசீந்திரம் தாண்டினால் வயல், அதையும் தாண்டினால் காற்றாலைகள். காற்றாலைகளைக் கண்டதுமே கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே காற்று மண்ணையும் கூட்டிக்கொண்டுதான் வரும். அஞ்சுகிராமம் சந்திப்பிலிருந்து மைதானம் மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கொடுத்தேன்.

ஆட்டோக்காரரிடம், "வீடியோ எடுக்கணும் அண்ணாச்சி, எந்தப் பக்கம் உட்காந்தா நல்லது?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியில் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்க இந்த ஊரு மருமகனுல்லா? உங்களுக்கு அவங்களே எடம் போட்டிருப்பாங்க. நீங்க எதுக்கு அலையணும்?" என்றார்.

அந்த இடத்திலேயே எனக்குச் சுதாரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

மைதானத்துக்கு மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தேன். நான்கு மணிக்கு ஆட்டம், இருபத்தைந்து நிமிடம் வீதம் இரண்டு பாதி. ஒரு சுற்று நடந்து பார்த்தேன். மேற்குப் பக்கம் தென்னை வரிசை. வெயிலும் காற்றும் முதுகுக்குப் பின்னால், ஆட்டம் பார்க்க அருமையான இடம். கிழக்குப் பக்கம் சாலை. காரில் வரும் பெரிய மனிதர்கள் நடக்கக்கூடாது என்பதற்காகப் பந்தலை அங்கே போட்டிருந்தார்கள். அதாவது ஊரின் முக்கியஸ்தர்கள் எல்லாருக்கும் கண்ணில் வெயில், வாயில் மண். அதோடு பந்தலின் முன்பக்கம் இடுப்புயரத்துக்கு ஒரு பேனர். போட்டிக்குப் பணம் கொடுத்த செங்கல் சூளை முதலாளி அதில் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டிருந்தார். உள்ளே சோபாவில் உட்கார்ந்து பார்த்தால் ஆட்டக்காரிகளின் தலை தெரியும், மட்டையின் மேல் நுனி தெரியும், பந்து தெரியாது. கால் தெரியவே தெரியாது.

தெற்கு கோலுக்குப் பின்னால், கொஞ்சம் ஒதுங்கி, ஓடை வேலைக்குக் கொண்டுவந்து போட்ட ஒரு சிமெண்டுக் குழாய் கிடந்தது. ஏறி உட்கார்ந்தேன். முதல் பாதியில் ஆதிராவுக்கு அந்த கோல்தான். அவளுடைய இரண்டு காலும் பளிச்சென்று தெரிந்தன. இவ்வளவு நல்ல இடம் என் வாழ்நாளில் அமைந்ததில்லை. ஒரு ரசவடையும் சுக்குக்காப்பியும் வாங்கி வைத்துக்கொண்டு, போனைத் துடைத்து, வீடியோவைத் தொடங்கினேன்.

ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. மைக் முழங்கியது. "நம் ஊர் மருமகன் குழித்துறை கிருஷ்ணகுமார் அவர்கள், எங்கிருந்தாலும் விழாப் பந்தலுக்கு வந்து இருக்கையை அலங்கரிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

நான் அசையவில்லை. மறுபடியும் அழைத்தார்கள். மூன்றாவது அழைப்பில், "குழாய் மேல் அமர்ந்திருக்கும் மருமகன் அவர்கள்" என்று அடையாளமும் சொல்லிவிட்டார்கள். மைதானமே திரும்பிப் பார்த்தது. ஆதிராவும் திரும்பினாள். நல்லவேளை, பந்து நடுவில் எங்கோ இருந்தது.

என் மச்சினன் சுரேஷ் ஓடி வந்தான். "அத்தான், என்ன இது? குழாயில போய் இருக்கீங்க?"

"வீடியோ எடுக்கேன்டே. இங்க இருந்தாத்தான் காலு தெரியும்."

அவன் முகம் வாடிவிட்டது. "என்ன வருத்தம் அத்தான்? எங்கிட்ட சொல்லுங்க."

வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் கட்டிய ஊரில் மருமகன் போட்ட இடத்தில் உட்காராமல் தனியே போய் உட்கார்ந்தால் அவர் பிணங்கியிருக்கிறார் என்று பொருள். வேறு எந்தப் பொருளும் கிடையாது. பிணக்கமில்லை என்று நீங்கள் வாய்வலிக்கச் சொன்னாலும் பயனில்லை. பிணங்கிய மருமகன்கள் எல்லாரும் சொல்வது அதைத்தானே! சுரேஷ் போய் என் மாமனாரைக் கூட்டி வந்தான். அவர்தான் போட்டிக் குழுவின் தலைவர். அவரோடு வெள்ளை வேட்டியில் இன்னும் நான்கு பேர். ஐந்து பேரும் என் போனுக்கு நேர் முன்னால் வந்து நின்றார்கள்.

"மாப்ள, ஆடிச்சீர்ல பாத்திரம் கொஞ்சம் கொறஞ்சு போச்சு, ஒத்துக்கிடுதேன். அதயா மனசுல வச்சிருக்கீங்க?" என்றார் மாமனார்.

"ஐயோ மாமா, அதெல்லாம் ஒண்ணுமில்ல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கோல் மறைக்குது."

"பொறவு என்ன? மூத்த மாப்ளைக்கு வாட்ச் வாங்கிப் போட்டதா? அது அவரு வாய்விட்டுக் கேட்டாரு மாப்ள. ஒங்களுக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவீங்கன்னுதான் சொல்லல."

"எந்த வாட்ச்?" என்றேன்.

மாமனார் சுரேஷைப் பார்த்தார். அப்போது ஐந்து வேட்டிகளுக்கும் அப்பால், பந்து கோல் பலகையில் மோதும் சத்தம் கேட்டது. ஊர் அணி கோல் போட்டுவிட்டது. என் வீடியோவில் இருந்தது ஒரு வேட்டியின் மயில்கண் கரை மட்டும்தான். அதற்குள் மனைவியிடமிருந்து போன் வந்து வீடியோவே நின்றுபோனது. "எங்கப்பாவ நாலு பேரு முன்னால நிக்க வச்சிட்டீங்களாமே? அந்தச் சவத்துக் குழாயில அப்பிடி என்ன இருக்கு?" என்றாள். எனக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. வரும்போது இல்லாத கோபம் அது. அவர்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

இடைவேளையில் அணிகள் பக்கம் மாறின. ஆதிரா வடக்கு கோலுக்குப் போகும் வழியில் என்னைப் பார்த்து, காலைத் தொட்டுக் காட்டி, கிடைத்ததா என்று சைகையால் கேட்டாள். கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். பொய். முதல் பாதியில் அவள் மூன்று பந்துகளைத் தடுத்திருந்தாள், ஒன்றுகூட என்னிடம் இல்லை. அந்தப் பிள்ளை இரண்டு வருடமாக விடியற்காலையில் எழுந்து ஓடிய ஓட்டம் என் மாமனாரின் வேட்டிக்குப் பின்னால் போய்விட்டதே என்று அழுகைதான் வந்தது.

வடக்கு கோலுக்குப் பின்னால் போக இரண்டடி எடுத்து வைத்தேன். சுரேஷ் கையைப் பிடித்துவிட்டான். இனி முரண்டு பிடித்தால் ஐந்து பேர் பத்துப் பேராகி வருவார்கள் என்று பயந்து பந்தலுக்கே போனேன். பொன்னாடை போர்த்தினார்கள். இளநீர் கொடுத்தார்கள். சோபா ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும் ரகம். எழுந்து நின்று எடுக்கலாம் என்றால், "மருமகன் நிக்காரு, யாருலே அங்க, நாற்காலி கொண்டா!" என்று பின்னால் ஒரு குரல். என் பக்கத்தில் செங்கல் சூளை முதலாளியே உட்கார்ந்திருந்தார். அவர் முகம் போட்ட பேனரைக் கொஞ்சம் இறக்கலாமா என்று எப்படிக் கேட்பது? இரண்டாம் பாதி முழுவதும் ஆதிராவின் ஹெல்மெட்டை எடுத்தேன்.

கடைசி நிமிடத்தில் எங்கள் அணி ஒரு கோல் போட்டு ஒன்றுக்கு ஒன்று ஆக்கியது. ஷூட்-அவுட் என்று அறிவித்தார்கள். அணிக்கு ஐந்து பேர். ஒவ்வொருவராகப் பந்தை ஓட்டிக்கொண்டு வந்து, கோல்கீப்பரைத் தனியாக எதிர்கொண்டு, எட்டு விநாடிக்குள் கோல் போட வேண்டும். எல்லாம் வடக்கு கோலில்தான். கோல்கீப்பரின் காலைக் காட்ட இதைவிட நல்ல காட்சி உலகத்திலேயே கிடையாது. நானோ பேனருக்குப் பின்னால் பொன்னாடையோடு கிடக்கிறேன்.

எழுந்தேன். சுரேஷும் எழுந்தான். "அத்தான், பிணக்கமெல்லாம் தீந்துட்டுல்லா?"

என்னை அறியாமல் வந்துவிட்டது. "தீரல்ல. எனக்குப் பிணக்கம்தான்டே. பெரிய பிணக்கம்!"

மாமனார் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில், "என்ன செய்யணும் மாப்ள? சொல்லுங்க, செஞ்சிருவோம்" என்றார்.

"இந்த சோபா அந்தக் கோலுக்குப் பின்னால போகணும். அங்கதான் இருப்பேன்."

நாலு மணி முதல் நான் உண்மையைச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. பிணக்கம் என்ற ஒரு வார்த்தை சொன்னேன், நாலு பேர் சோபாவின் நாலு மூலையிலும் கை வைத்துவிட்டார்கள். மருமகன் போனால் முக்கியஸ்தர்கள் மட்டும் பந்தலில் இருப்பது அழகா? செங்கல் சூளை முதலாளியின் நாற்காலி எழுந்தது. முன்னாள் பஞ்சாயத்துத் தலைவரின் நாற்காலி எழுந்தது. இளநீர்க் குலை வந்தது. நடுவர் விசிலை வாயில் வைத்தபடி, இந்த ஊர்வலம் மைதானத்தின் ஓரமாகப் போய் முடியும்வரை காத்து நின்றார். பேனர் மட்டும் பழைய இடத்திலேயே கும்பிட்டுக்கொண்டு நின்றது.

உட்கார்ந்தேன். என் வலப்புறம் மாமனார். முன்னால் ஆதிராவின் கால்கள், முழங்காலில் கட்டிய தடுப்புப் பட்டை முதல் பாதம் வரை. ஐந்து தடவையும் எடுத்தேன். கால் மறையவில்லை. அவள் இரண்டைத் தடுத்தாள். அதில் ஒரு தடவை, இடப்பக்கம் போகிற பந்தை இடக்காலை நீட்டி வெளியே தள்ளினாள், நான் கத்தியே விட்டேன். மற்ற மூன்றும் உள்ளே போயின. எங்கள் பிள்ளைகள் இரண்டுதான் போட்டார்கள். கோப்பை என் மாமனார் ஊருக்கு.

வேட்டுச் சத்தம், மைக் சத்தம், ஊரே மைதானத்துக்குள். ஆதிரா ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதுகொண்டு கோலுக்குப் பின்னால் வந்தாள். மாமனார் சோபாவை விட்டு எழுந்தார். "இதுல இரி மக்கா" என்றார். அத்தனை பட்டைகளோடு அவள் சோபாவில் விழுந்தாள். மாமனார் நிற்பதைப் பார்த்துச் செங்கல் சூளை முதலாளியும் எழுந்து நின்றார். பொன்னாடையை அவளிடம் கொடுத்தேன், மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

இந்தப் பக்கம் ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாலை ஆட்டமென்றால் மேற்குப் பக்கம் உட்காருங்கள். கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் நேர் பின்னால் வேண்டாம், பந்து கல் மாதிரி வரும். ஏழு மணிக்கு மேல் அஞ்சுகிராமத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்து குறைவு, முன்னாலேயே கிளம்புங்கள். அந்த ஊரில் பெண் கட்டியிருந்தால் இந்த யோசனை எதுவும் உதவாது. போய் இறங்கியவுடனே பிணங்கிவிடுங்கள், நேரம் மிச்சம்.

அன்று இரவே அக்கா வீட்டில் உட்கார்ந்து வீடியோவை அனுப்பும் முன் ஒரு தடவை ஓடவிட்டோம். கால்கள் அருமையாக வந்திருந்தன. மைதானத்தின் கூச்சலுக்கு அடியில் இன்னொரு குரலும் விழுந்திருந்தது. போனுக்குப் பக்கத்திலிருந்த யாரோ வாய்க்குள்ளேயே முணுமுணுக்கும் குரல். ஊர் அணிப் பெண் பந்தோடு வரும் ஒவ்வொரு தடவையும், "வெளிய வா மக்கா... வெளிய வா... விட்டுராத... ஆங், அப்பிடி!" ஆதிரா தடுத்தபோது ஒரு நீளமான பெருமூச்சு. தடுக்காதபோது, ஊரே ஆர்ப்பரிக்கும் நேரத்தில், "சவம், போச்சே." பக்கத்திலேயே இருந்த எனக்கு அப்போது ஒன்றும் கேட்கவில்லை.

"இது யாரு மாமா?" என்று ஆதிரா கேட்டாள். சோபாவில் என் வலப்புறம் இருந்தவர் யாரென்று சொன்னேன். அவள் மறுபடியும் மறுபடியும் அதையே ஓடவிட்டாள்.

பயிற்சியாளர் மறுநாள் மாலை கூப்பிட்டார். கால் பரவாயில்லை, அடுத்த மாதம் நேரில் வரச் சொல்லுங்கள் என்றார். செய்தியைச் சொல்ல மாமனாருக்குப் போன் செய்தேன். "நல்லது, நல்லது" என்றவர், பக்கத்தில் ஆளிருந்தாற்போலக் குரலைத் தாழ்த்தி, "அந்த வீடியோவ எனக்கும் அனுப்புங்க மாப்ள" என்றார். சத்தத்தை எடுத்துவிட்டு அனுப்பினேன். அவர் அந்த ஊரில்தானே இருந்தாக வேண்டும்.