சம்பந்தியோடு ஒரு ரோயிங் போட்டி

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் சம்பந்தியோடு மோதினேன். சண்டை இல்லை. ஜிம்மில், உட்கார்ந்த இடத்திலேயே துடுப்புப் போடுவது மாதிரி இழுக்கிற ரோயிங் மெஷினில், பக்கத்துப் பக்கத்தில் — இரண்டு குடும்பமும் சுற்றி நின்று பார்க்க.

இதில் என்ன விசேஷம் என்று கேட்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் பெண் கொடுத்ததில்லை. மல்லிகா என் மாப்பிள்ளையின் அம்மா. நான் பெண்ணைக் கொடுத்தவள். பந்தியில் அவர் உட்கார்ந்த பிறகுதான் நான் உட்காருவேன். என் சேலை நன்றாக இருக்கிறது என்று அவர் சொன்னால், உங்களுடையதுதான் இன்னும் நன்றாக இருக்கிறது என்று உடனே சொல்லியாக வேண்டும். ஏழு வருடமாக இப்படியே பழகிய உடம்பு இது.

நான் ஜிம்முக்குப் போன கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒன்றரை வருடத்துக்கு முன்னால், வாஷிங் மெஷின் பக்கத்தில் ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் எழ முடியவில்லை. கையை ஊன்றினால் கை நடுங்குகிறது. காலை ஊன்றினால் கால் கேட்க மாட்டேன் என்கிறது. கடைசியில் என் கணவரும் எதிர்வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். ஐம்பத்தாறு வயதில் மூட்டை மாதிரி தூக்கப்பட்டேன். வலி இரண்டு நாளில் போய்விட்டது. அந்த அவமானம் போகவில்லை.

வாக்கிங் மட்டும் போதாது, தசையெல்லாம் கரைந்துவிட்டது, எடை தூக்குங்கள் என்றார் டாக்டர். எடை தூக்குவதா... நானா? வேறு வழி இல்லாமல் சங்ககிரி ரோட்டில் இருக்கும் ஜிம்மில், வீட்டு வேலை முடித்து வரும் பெண்களுக்கான பத்தரை மணி பேட்ச்சில் சேர்ந்தேன்.

கோச் வினோதினி ராசிபுரத்துப் பெண். கபடி ஆடியவள். வாரத்தில் இரண்டு நாள் எடை, இரண்டு நாள் ரோயிங் என்று பிரித்துக் கொடுத்தாள். எடை தூக்கும் நாளில் ரோயிங் பத்தே நிமிடம். ரோயிங் நாளில் எடையைத் தொடக் கூடாது. இரண்டையும் ஒரே நாளில் முட்டி மோதிச் செய்தால் இரண்டும் உருப்படாது என்பாள்.

ரோயிங் என்றால் கையால் இழுப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தப்பு. முதலில் காலால் தள்ள வேண்டும், அப்புறம் முதுகு, கடைசியில்தான் கை. டெட்லிஃப்டில் கம்பியைத் தரையிலிருந்து தூக்குவதும் ஏறக்குறைய அதே வித்தைதான். ஒன்றில் கிடைத்த பலம் இன்னொன்றுக்கு உதவியது. மூன்றே மாதத்தில் முப்பத்தைந்து கிலோ தூக்கினேன். எனக்கே நம்ப முடியவில்லை.

அந்தப் பெருமையை ஒரு காதுகுத்தில் சம்பந்தியிடம் அளந்துவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை அவரும் வந்து சேர்ந்துவிட்டார்.

வந்த அன்றைக்கே வினை ஆரம்பித்தது. மெஷினில் யார் முதலில் உட்காருவது என்பதிலேயே ஐந்து நிமிடம் போனது. எடையில் அவர் இருபது கிலோவில் தொடங்கினார். பக்கத்தில் நான் முப்பத்தைந்தா? நன்றாகவா இருக்கும்? முதுகு பிடித்துக்கொண்டது என்று கோச்சிடம் புளுகி, நானும் இருபதுக்கு இறங்கினேன்.

ரோயிங்கில் இன்னும் கஷ்டம். ஓரக்கண்ணால் அவர் ஸ்கிரீனைப் பார்த்து, என் மீட்டர் எப்போதும் அவருக்குக் கொஞ்சம் கீழேயே இருக்கும்படி இழுப்பேன். மெதுவாக இழுத்துக்கொண்டே வேகமாக இழுப்பவள் போல மூச்சு வாங்க வேண்டும் — முயன்று பாருங்கள், லேசில் வராது. ஆனால் அவரோ வாரத்துக்கு வாரம் மெதுவாகிக்கொண்டே போனார். நான் அவரைவிட மெதுவாகப் போயாக வேண்டுமே! இரண்டாயிரம் மீட்டர் பன்னிரண்டு நிமிடத்திலிருந்து பதின்மூன்றாகி, பதினாலையும் தொட்டது. பாவம், அவருக்கு வயதாகிறது என்று மனதுக்குள் பரிதாபப்பட்டேன்.

வினோதினி மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, தினம் இரண்டு முட்டையாவது சாப்பிடுங்கள் என்று கெஞ்சினாள். நாமக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு முட்டை சாப்பிடச் சொல்லிக் கேட்கிற நிலைமை!

ஒருநாள் சம்பந்தி ஏதோ கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டார். பக்கத்து மெஷின் காலி. எனக்கு என்ன ஆனதோ, காலை ஊன்றி ஒரு தள்ளு தள்ளினேன். நிறுத்தவே தோன்றவில்லை. இரண்டாயிரம் மீட்டர், பத்து நிமிடம் ஐந்து விநாடி.

வினோதினி ஸ்கிரீனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏனுங்க ஆன்ட்டி, உங்க சம்மந்தி வராத அன்னிக்கு மட்டும் முதுகு வலிக்காதுங்களா?"

மாட்டிக்கொண்டேன். அவள் திட்டவில்லை. இனிமேல் சனிக்கிழமை தனியாக வாருங்கள் என்றாள். யாருக்கும் சொல்லாமல் போனேன். ஒன்றரை மாதத்தில் நாற்பது கிலோ வந்தது. அப்புறம் போட்டியை அறிவித்தாள்: இரண்டாயிரம் மீட்டர் ரோயிங், இறங்கிய கையோடு நாற்பது கிலோ டெட்லிஃப்ட் ஐந்து முறை. குடும்பத்தோடு வரவும்.

வீட்டில் என் கணவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "எதுக்கு வம்பு? நீ பாட்டுக்கு செயிச்சுப் போட்டீனா, நாளைக்கு அந்த ஊட்டுல நம்ம புள்ளையல்லோ பேச்சுக் கேக்கோணும்."

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் அன்றைக்கு ஈரத்தரையில் கிடந்தவள் நிஜமாகவே எழுந்துவிட்டாளா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். பாதி பலத்தில் இழுத்தால் அது எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் முடிவு பண்ண முடியவில்லை.

விசில் ஊதியாயிற்று. பழக்கதோஷம்... கண் தானாகவே பக்கத்து ஸ்கிரீனுக்குப் போனது. அவர் மெதுவாக இழுத்தார், நான் அதைவிட மெதுவாக. பாதி தூரத்துக்கே ஏழு நிமிடம் ஆகிவிட்டது. கூட்டத்தில் சிரிப்பு. வினோதினி இடுப்பில் கை வைத்து முறைத்தாள்.

சம்பந்தி என் பக்கம் திரும்பினார்.

"நீங்க முன்னால போங்க சம்மந்தி. எனக்காவ நிறுத்தி நிறுத்தி இழுக்காதீங்க."

"ஐயோ, நீங்க போங்க."

அவர் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்தார். பிறகு சொன்னார்: "ரெண்டு பேருமே போலாமுங்க."

அவ்வளவுதான். அந்த அம்மாள் காலை ஊன்றித் தள்ளிய தள்ளில் மெஷினே அதிர்ந்தது. அடப்பாவி! நான் பரிதாபப்பட்ட மனுஷியா இது? நானும் தள்ளினேன். கால், முதுகு, கை... கால், முதுகு, கை. மீதிப் பாதிக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கடைசி நூறு மீட்டரில் அவர் ஸ்கிரீனைப் பார்க்க மறந்தே போனேன். ஏழு வருடத்தில் முதல்முறை!

இறங்கினால் தொடை இரண்டும் கிடுகிடு என்று ஆடுகிறது. கம்பியைப் பிடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில் கம்பி தரையை விட்டுக் கிளம்பவில்லை. அந்த ஈரத்தரை ஞாபகம் வந்தது. கோபம் வந்தது. தூக்கி நிமிர்ந்துவிட்டேன். சம்பந்தி ஐந்தாவதைத் தூக்கி முடித்தபோது நான் கம்பியைக் கீழே வைத்து மூன்று விநாடி ஆகியிருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பானேன். என் மகள் கை தட்டலாமா வேண்டாமா என்று புரியாமல் மாமனாரைப் பார்த்தாள். முதலில் தட்டியவர் அவர்தான். என் கணவர் அதற்குப் பிறகுதான் மூச்சு விட்டார்.

சம்பந்தி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். பெண்ணைக் கொடுத்தவர்கள் மனசு நோகக் கூடாது என்றுதான் இத்தனை நாளும் அடக்கி வாசித்தாராம். வினோதினி அவரை யாருக்கும் தெரியாமல் புதன்கிழமை தோறும் தனியாக வரவழைத்தாளாம்!

ஆக, இரண்டு பொம்பளைகள் ஒருத்தியிடம் ஒருத்தி தோற்பதற்காக மாதக்கணக்கில் பாடுபட்டிருக்கிறோம். நீங்களும் யாருக்காகவோ வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறீர்களா? ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர்களும் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம்.

திங்கட்கிழமை ஜிம்முக்குப் போனோம். இன்றைக்கு எத்தனை கிலோ என்று கோச் கேட்டாள். சம்பந்தி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்பத்தைந்து என்றார்.

எனக்கு நாற்பத்தேழரை என்றேன்.