எட்டாக வந்த எண்

என்னைத் தன்னிடம் கூப்பிட்டுக்கொள்ள வெளிநாட்டிலிருந்து கணவர் விண்ணப்பித்தபோது எங்களுக்கு ஒரு கோப்பு எண் கிடைத்தது: 1040399. கணவரின் அம்மா, என் மாமி, அதைக் கண்டதும் இலக்கங்களைக் கூட்டினார். இருபத்தாறு. இரண்டையும் ஆறையும் கூட்டினார். எட்டு.

"எட்டு சனியன்ரை எண், பிள்ளை. மாமா கடைசியாப் போன வானின்ரை நம்பரும் எட்டுத்தான். உந்த நம்பரை விட்டிட்டுப் புதுசாப் போடச் சொல்லு," என்றார்.

புதிதாகப் போட்டால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். ஏற்கெனவே காத்திருந்து காத்திருந்து எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. இணுவிலில் நான் கணிதம் படிப்பித்த ரியூசன் வகுப்பை, "வெளிநாடு போற பிள்ளைதானே" என்று வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அதே காரணம் சொல்லி வேறு எவரும் வேலை தரவில்லை. போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. கோயில் வாசலில் யாராவது "இன்னும் போகேல்லையோ?" என்று கேட்டால் பல்லைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வருவேன். அறைக் கதவைச் சாத்தினால் கட்டிலுக்குக் கீழே பாதி அடுக்கிய சூட்கேஸ் கிடக்கும்.

ஆத்திரத்தில்தான் அந்த எண்ணைப் பிடித்து உலுப்பத் தொடங்கினேன். எட்டைத் தவிர அதற்கு வேறு குணமே கிடையாதா? ஒன்றைக் கூட்டிப் பார்த்தேன்: 1040400. அது 1020இன் வர்க்கம்! அப்படியென்றால் எங்கள் எண் 1019ஐ 1021ஆல் பெருக்கி வந்தது. அந்த இரண்டையும் சிறிய எண்களால் வகுத்து வகுத்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை. இரண்டும் முதன்மை எண்கள். நடுவில் ஒரேயொரு எண்ணை விட்டு நிற்கும் சோடி.

அதைவிடப் பெரிய சந்தோஷம் பிறகுதான் வந்தது. மூன்று, ஐந்து என்ற முதல் சோடியை விட்டால், இப்படியான எந்தச் சோடியிலும் நடு எண் மூன்றால் வகுபடும். அதன் வர்க்கம் ஒன்பதால் வகுபடும். அதில் ஒன்று குறைந்ததுதான் சோடியின் பெருக்கம். ஆகவே இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் எப்போதும் எட்டில்தான் போய் நிற்கும். இதில் சனி எங்கே வந்தது?

அன்று பின்னேரம் கணவர் போன் எடுத்தபோது மூச்சுவிடாமல் சொன்னேன்.

"இஞ்சாருங்கோ, எங்கடை நம்பர் சோடி நம்பர். சோடியெண்டா எட்டு வந்தே தீரும். மாமிக்கு நீங்களே சொல்லுங்கோ."



"உமக்குச் சொல்லோணும் எண்டுதான் எடுத்தனான். அம்மா ஒரே அழுகை. முந்தநாள் வாபஸ் வாங்கிட்டன்," என்றார்.

போனை மேசையில் போட்டுவிட்டு அழுதேன். அது பாட்டுக்கு "ஹலோ, ஹலோ" என்றுகொண்டு கிடந்தது. மாமி சமையலை விட்டுவிட்டுக் குசினியிலிருந்து ஓடிவந்து என் தலையைத் தடவினார்.

"அழாதை பிள்ளை. இனி நல்ல நம்பராக் கிடைக்கும்."

புது எண்ணுக்காக இப்போது காத்திருக்கிறோம். ஒன்பது எண்களில் ஒன்று எட்டாகத்தான் வரும். அதை நான் இன்னும் மாமிக்குச் சொல்லவில்லை.