சாய்ந்து நிற்கும் குருசு வெள்ளி

"குருசு வெள்ளி ஒருக்கா காணணும் எக்கா" என்று அவள் சொன்னபோது, அதை நான் கிழமை என்றே எடுத்துக்கொண்டேன். தவக்காலம் முடியும் தறுவாய் அது. பெரிய வெள்ளிக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. எங்களுடையது மிஷன் காலத்துப் பழைய சபை. அன்று பகல் முழுவதும் ஆராதனை நடக்கும். அவள் பொழியூர்க் கடற்கரையில் லத்தீன் கத்தோலிக்கக் குடியில் பிறந்தவள். அவர்கள் கோயிலில் அன்று சிலுவைப் பாதை. நோயில் கிடப்பவளுக்கு அந்த நினைவு வந்துவிட்டதாக்கும் என்று நான் உருகிப் போனேன்.

"அதுக்கென்ன மக்கா, ஒரு கார் பிடிச்சு ஒன்ன ஒங்க பள்ளிக்கே கொண்டு போறேன். குருசுப் பாதை காணலாம்."

அவள் சிரித்தாள். வாதம் வந்த பிறகு அவள் வாயின் ஒரு பக்கம்தான் சிரிக்கிறது.

"நீங்க சொல்லுதது கெழமை. நான் சொல்லுதது மேல நிக்கது. வானத்தில உள்ள வெள்ளியாக்கும்!"

கடற்கரைக்காரர்களுக்கு விண்மீன் எல்லாமே வெள்ளிதான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. தெற்கே கடலுக்கு மேல் சிலுவை வடிவில் எழும் நான்கைந்து மீன்களை அவர்கள் குருசு வெள்ளி என்கிறார்கள். சபைப் பாட்டோடு பழந்தமிழ்ப் பக்திப் பாட்டுகளையும் அறுபது ஆண்டுகளாக ஓதி வருகிறேன். நான் கற்ற நூல்களில் வெள்ளி என்றால் விடியலுக்கு முன் முளைக்கும் ஒற்றை மீன் மட்டுமே. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருவரும் இருவேறு வானங்களைப் பார்த்திருந்தோம்.

பாறசாலையில் எங்கள் வீட்டுக்கு இருபத்தெட்டு ஆண்டுகள் மீன் கொண்டுவந்தவள் அவள். நான் தொலைபேசி நிலையத்தில் இரவுப் பணி முடித்து வரும் நேரமும் அவள் அலுமினியச் சருவத்தை இறக்கி வைக்கும் நேரமும் ஒன்றாக இருக்கும். "ஒறக்கம் இல்லாத ரண்டு பேரு" என்று எங்களைச் சேர்த்தே அவள் கேலி செய்வாள். விலை பேசி முடித்ததும் இருவரும் பாலில்லாத கட்டஞ்சாயா குடிப்போம். நான் ஓதும் பாட்டில் ஒன்றிரண்டு அடிகளைக் கேட்பாள். கேட்டுவிட்டு, "கொள்ளாம், ஆனா சாளைக்கு ஐஸ் போடணும், போட்டு வாறேன்" என்று எழுந்துவிடுவாள்.

அவள் கணவர் நோயில் இறந்த மறு ஆண்டு கடல் அவள் வீட்டைக் கொண்டுபோயிற்று. முதலில் மூன்று தென்னைகள், பிறகு அடுக்களை, பிறகு முற்றம், கடைசியில் சுவர். அதன்பின் வெள்ளறடையில் மகள் வீட்டுக்கு வந்தாள். சுற்றிலும் ரப்பர் மரங்கள், தெற்கே குன்று. அங்கே வந்த இரண்டாம் ஆண்டில் வாதம் இடப்பக்கத்தை எடுத்துக்கொண்டது. கட்டிலில் இருந்து பார்த்தால் சன்னல் வழியே கை அகலத்துக்கு வானம் தெரியும்; அதிலும் பாதி இலை.

"அந்த வெள்ளிய என்னத்துக்கு இப்பம் காணணும்?" என்று கேட்டேன்.

மகள் வெளியே ரப்பர் பால் வெட்டப் போயிருந்தாள். அதனால்தானோ என்னவோ, அவள் விரிவாகச் சொன்னாள்.

"சித்திர மாசத்தில அந்திக்கு வள்ளம் எறக்குவாரு. ராத்திரி குருசு சாஞ்சு எழும்பும். அங்க கடல்ல நின்னு அவரு பாப்பாரு, இஞ்ச முற்றத்தில நின்னு நான் பாப்பேன். அது நேரே நிக்கும்போ வலைய வலிச்சிட்டுத் திரும்புவேன்னு சொல்லிட்டுத்தான் போவாரு. ஃபோனா உண்டு அப்பம்? அதாக்கும் எங்களுக்கு ஃபோன்."

"ஒருக்காலும் பிந்தினது இல்லியா?"

"பிந்துவாரு. பிந்தினா நான் குருசையாக்கும் ஏசுவேன், அவர இல்ல. நீ எதுக்குடே அவசரப்பட்டு நிமிந்தேன்னு கேப்பேன்."

இருவரும் சிரித்தோம். பிறகு அவள் சொன்னாள், இந்த வீட்டில் இரவு விழிப்பு வந்தால் மணி என்ன என்று தெரியவில்லை. எதற்காக விழித்திருக்கிறோம் என்றும் தெரியவில்லை. அந்த வெள்ளியைக் கண்டு ஆண்டுகள் ஆயின. சாவதற்குள் ஒருமுறை கண்டால் போதும்.

கடற்கரைக்கே கூட்டிப்போவதாக மறுபடியும் சொன்னேன். உடனே முகம் மாறிற்று.

"நான் வரமாட்டேன். வீடு கெடந்த எடத்தில கடலு கெடக்குது, அத நான் காணமாட்டேன். வானத்தக் கடலு எடுக்கல்லேல்லா? அத மட்டும் கொண்டு வாருங்க. நீங்கதான் ராத்திரியில வானத்தப் போட்டோ பிடிக்கியளே."

பிடிக்கிறேன்தான். ஓய்வு பெற்றபின் ஒரு கேமராவும் அதைத் தாங்கும் முக்காலியும் வாங்கி, மொட்டை மாடியில் நின்று விண்மீன்களைப் படம் எடுப்பது என் வழக்கமாயிற்று. இறைவனை அணுவுக்கு அணுவாகவும் அண்டத்துக்கு அப்பாலாகவும் பாடும் பாட்டுகளில் ஊறிய எனக்கு அது வழிபாட்டின் நீட்சியாகவே தோன்றியது. கேமராவின் கண்ணை இருபது நொடி திறந்து வைத்தால், வெறும் கண்ணுக்கு எட்டாத மீன்களெல்லாம் படத்தில் வந்து விழும். எவ்வளவு மிகுதியாக விழுகிறதோ அவ்வளவு நல்ல படம் என்று எண்ணியிருந்தேன். சபையில் சிலருக்குக் காட்டி, "கர்த்தருடைய கைவேலை எண்ணி முடியாதது" என்று சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அந்தப் படங்களில் எந்த மீனையும் எனக்குத் தெரியாது. பெயர் தெரியாத ஒரு பெருங்கூட்டத்தைப் படம் பிடித்து வைத்திருந்தேன்.

பெரிய வெள்ளி முழுநிலவை ஒட்டியே வரும். நிலா உள்ள வானில் மீன்கள் மங்கிவிடும். ஆகவே உயிர்த்தெழுந்த திருநாளும் கழிந்து, நிலவு தேய்ந்து மறையும்வரை காத்திருந்தேன். அமாவாசையன்று இரவு, எங்கள் தெருவில் இருக்கும் ஆட்டோக்காரரோடு பொழியூருக்குப் போனேன். ஐம்பது வயதுக்காரர், எந்த நேரத்திலும் பேச்சு ஓயாதவர்.

"அம்மா, உள்ளத சொல்லுங்க. இந்த இருட்டில ஆரப் போட்டோ எடுக்கப் போறிய? பேயையா?"

"வானத்த."

"வானம் பாறசாலையில இல்லியா? அதுக்கு எண்ணெ செலவாக்கி பொழியூர் வரணுமா?"

கடல் அரிப்பைத் தடுக்கப் போட்ட பெருங்கற்களின் மேல் முக்காலியை ஊன்றினேன். அங்கே ஒரு சாலை இருந்தது, இப்போது இல்லை என்று அவர் கையைக் காட்டிச் சொன்னார். காட்டிய இடத்தில் அலை வெளுத்துக்கொண்டிருந்தது. தெற்கே கேமராவைத் திருப்பி, வழக்கம்போல் இருபது நொடி வைத்து, பல படங்கள் எடுத்தேன். திரையில் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது. அவ்வளவு மீன்கள்! பால் சிந்தியதுபோல் ஒரு வெண்மை படம் முழுக்கப் பரவிக் கிடந்தது. அவற்றில் சிறந்ததை நெய்யாற்றின்கரையில் ஒரு ஸ்டுடியோவில் பெரிய தாளில் அச்சிட்டு, உறையிலிட்டு, வெள்ளறடைக்கு எடுத்துப் போனேன்.

அவள் வலக்கையால் வாங்கி மடியில் வைத்துப் பார்த்தாள்.

"எக்கா, இது வானமா?"

"பின்ன என்ன?"

"நெத்தோலி காயப்போட்டது போலல்லா இருக்கு."

மகள் அடுக்களையில் இருந்து சிரிப்பை அடக்க முடியாமல், "அம்மைக்கு எங்கயும் மீனுதான்" என்றாள். ஆனால் தாய் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரு விரலால் படத்தின் மேல் தேடிக்கொண்டே இருந்தாள். மேலிருந்து கீழ், வலமிருந்து இடம். விரல் ஓரிடத்தில் நின்று, தயங்கி, மறுபடி நகர்ந்தது. படத்தின் அடியில் இடிந்த மதில் ஒன்றின் துண்டு விழுந்திருந்தது. அதைக் கவனிக்காமல் நான் அச்சிட்டிருந்தேன். அவள் கட்டைவிரல் அதை மறைத்துக்கொண்டது, கடைசிவரை எடுக்கவில்லை.

"இதில எது எக்கா அது? நீங்களே ஒண்ணு காட்டுங்க."

நான் குனிந்து பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. ஆயிரம் மீன்களும் ஒரே ஒளியில், ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு நின்றன. அவள் தேடிய அந்த ஐந்தும் அதற்குள்தான் இருந்தன. நான்தான் அவற்றைக் கூட்டத்தில் தொலைத்திருந்தேன்.

"ஒங்க பெட்டிக்குக் கண்ணு கூடுதலாக்கும்" என்று அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள். "நான் காணுதது இவ்வளவு இல்ல. கொஞ்சந்தான்."

திரும்பும்போது என்னால் ஒரு பாட்டும் ஓத முடியவில்லை. காணாத கண் என்ன கண் என்று உருகும் பாட்டுகளை, கேட்பவர் கண்ணீர் விடும்படி ஓதத் தெரிந்த நான், அவற்றை வானத்தை நிமிர்ந்து பாராமலே ஓதியிருக்கிறேன்.

அடுத்த இரண்டு இரவுகளும் மேகம். மூன்றாம் நாள் அந்தியில் பிறை மறைந்தபின் தெற்கு தெளிந்தது. ஆட்டோக்காரர் முனகிக்கொண்டே வந்தார்.

"அன்னைக்கு எடுத்த வானத்துக்கு என்ன கேடு? அது போதாதா?"

"அதில வெள்ளி கூடிப் போச்சு."

"கூடிப் போச்சுன்னா எடுத்துக் களைய முடியாதா? கல்யாணப் போட்டோவில ஆள எடுத்துக் களையியாவ."

இம்முறை கேமராவைப் பையிலேயே விட்டுவிட்டுக் கல்லின் மேல் அமர்ந்தேன். கண் இருளுக்குப் பழகக் கால் மணி நேரம் ஆயிற்று. அன்று நான் கிளம்பும்போது அவள் சொல்லியிருந்த அடையாளம் இதுதான்: கடலுக்குச் சற்று மேலே, இடப்பக்கம் தாழ்வாக இரண்டு பெரிய வெள்ளிகள் அடுத்தடுத்து நிற்கும், அவை கை நீட்டும் இடத்தில் குருசு இருக்கும். இரண்டையும் கண்டேன். அவற்றிலிருந்து வலமாகப் பார்வையை நகர்த்தினேன். இருந்தது. சிறியது, நான் எண்ணியதைவிட மிகச் சிறியது. தலை இடப்பக்கம் சாய்ந்து, எழ முயல்வதுபோல் நின்றது. அதைக் கண்டதும் எனக்குள் எழுந்தது வியப்பு அன்று, ஓர் ஏக்கம். முகம் அறியாத ஒரு மீனவரும் முற்றத்தில் நின்ற ஒரு பெண்ணும் ஒரே நேரத்தில் இதைப் பார்த்திருந்தார்கள். அப்படி ஒருவரோடு ஒருவராய்ப் பார்க்க எனக்கு இந்த வாழ்நாளில் ஒன்றும் வாய்க்கவில்லை. இறைவனை நோக்கி நான் பாடியதெல்லாம், அவனும் அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறான் என்ற நம்பிக்கையில் பாடியதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகுதான் கேமராவை எடுத்து முக்காலியில் ஏற்றினேன். மூன்றே நொடி திறந்து வைத்தேன். கரை இல்லை, கல் இல்லை, மதில் இல்லை. அடியில் விரல் அகலத்துக்குக் கடல், மேலே வானம். திரையில் படம் இருண்டு கிடந்தது. என் பழைய கண்ணுக்கு அது தோற்றுப்போன படம். இன்னும் இரண்டு நொடி கூட்டினால் என்ன என்று கை துறுதுறுத்தது. கூட்டவில்லை. இன்னும் சற்று இருக்கலாம் என்று எண்ணியபோது, மேற்கிலிருந்து மேகம் வருவதாக ஆட்டோக்காரர் குரல் கொடுத்தார். பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

இரண்டாம் படத்தை அவளிடம் நீட்டினேன். இதிலும் அவள் விரல் தேடினால், இனி அந்த வானத்துக்கு நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

அவள் தேடவில்லை. தாள் மடியில் விழுந்த உடனே அவள் முகம் நிலைத்துவிட்டது. அழவும் இல்லை. நன்கு பழகிய ஒருவர் வாசலில் வந்து நின்றால் எப்படிப் பார்ப்போமோ, அப்படிப் பார்த்தாள்.

"ஒம்பதே முக்கால் இருக்கும்" என்றாள்.

எனக்கு முதலில் புரியவில்லை.

"நீங்க இத எடுத்த நேரம். ஒம்பதே முக்கால், இல்லேன்னா பத்து."

எடுத்த நேரத்தைக் கேமரா குறித்து வைத்திருக்கும். பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஒன்பது ஐம்பது. மகள் கதவருகே வந்து நின்று, "அம்மைக்கு இது எப்பிடித் தெரியும்?" என்று என்னிடம் கேட்டாள், அவளுக்கும் இது புதிது.

"சாய்வு கண்டாத் தெரியாதா?" என்று தாயே பதில் சொன்னாள். "நேரே நிக்கதுக்கு இனி ஒரு மணிக்கூர் உண்டு."

அப்போதுதான் எனக்குக் குற்ற உணர்வு வந்தது. அவள் காண விரும்பியது நிமிர்ந்து நிற்கும் குருசு. அவர் திரும்பும் நேரம் அதுதான். ஒரு மணி நேரம் பொறுக்காமல், மேகத்துக்கும் ஆட்டோக்காரரின் அவசரத்துக்கும் பயந்து, வருகைக்கு முன்பே எழுந்து வந்துவிட்டேன்.

"தப்பாயிட்டு மக்கா. இண்ணைக்கே போறேன். எத்தன மணியானாலும் செரி, நேரே நிக்கத எடுத்துட்டு வாறேன்."

அவள் தலையை அசைத்தாள். முதலில் மெதுவாக, பிறகு உறுதியாக.

"வேண்டாம் எக்கா."

"ஏன்?"

"நேரே நின்னா அவரு வரணும்லா." படத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். "இது இப்பிடியே இருக்கட்டு. இதில இனியும் ஒரு மணிக்கூர் உண்டு."

மகள் சுவரில் ஒட்டுவதற்காகப் படத்தை வாங்கக் கை நீட்டினாள். அவள் கொடுக்கவில்லை.