ஐந்தாவது குழிக்கு வேதமுத்து காட்டிய இடம்

வேதமுத்துவுக்கு ஐம்பத்து நான்கு வயது. அதில் இருபத்தாறு வருடம் புல்லுக்கே போய்விட்டது. ஆனைக்கரையிலிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரம் ஏறினால் ஓர் எஸ்டேட் கிளப் வரும். அங்கே ஒன்பது குழி கோல்ஃப் மைதானம். விடிந்ததும் நீள மூங்கில் கம்பால் புல்மேல் பனியைத் தட்டிவிட்டு, மெஷின் ஓட்டிப் புல் வெட்டுவது அவர் வேலை. ஒரு தடவைகூடப் பந்தடித்ததில்லை. அடிக்க யாரும் கூப்பிட்டதுமில்லை.

மைதானத்தைப் புதுப்பிக்கப் பூபதிராஜா வந்த அன்றே வேதமுத்துவுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. வந்தவர் நாற்பது மைதானங்களை வடிவமைத்த பெரிய மனிதர், கோயம்புத்தூர்க்காரர். கிளப் ஹாலில் பேசினார்.

"நான் நெலத்தைத் திருத்தறதில்லைங்க. தண்ணி எங்க ஓடுது, காத்து எங்கிருந்து வருதுன்னு பாத்துக் குழி வெக்கறேன். பயந்தவனுக்கு ஒரு சுத்து வழி, துணிஞ்சவனுக்கு ஒரு நேர் வழி. ரெண்டையும் நெலமே வெச்சிருக்குமுங்க."

மெம்பர்கள் சொக்கிப்போய்த் தலையாட்டினார்கள். வாசலில் நின்ற வேதமுத்துவுக்குத் தாங்கவில்லை. வீட்டுக்குப் போய் மனைவி கத்தரீனாளிடம் கொட்டித் தீர்த்தார்.

"இதத்தான நான் இருவது வருசமாச் சொல்லுதேன்? நான் சொன்னா பொலம்பல், அவரு சொன்னா தத்துவமாங்கும்!"

"நீங்க யார்ட்ட சொன்னிய?"

யோசித்துப் பார்த்தால் அவளிடம் மட்டும்தான். அதற்கும் பூபதிராஜா மேல்தான் கோபம் வந்தது.

மறுநாள் பூபதிராஜா அவரைத் தேடி வந்தார். ஐந்தாவது குழியைச் சுற்றிப் போட வேண்டிய வழவழப்பான புல்தரைக்கு, அதாவது கிரீனுக்கு, இடம் அமையவில்லை. "ஏனுங்க, மழைக்காலத்துல தண்ணி நிக்காத எடம் எதுங்க?"

சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னால் ஒரு மேடு இருந்தது. பனி முதலில் காய்வது அங்கேதான். தன்னிடம் ஒரு கிரீன் போடச் சொன்னால் அங்கேதான் போடுவேன் என்று வேதமுத்து பல வருடமாக மனதுக்குள் பூட்டி வைத்திருந்த இடம். அதை இந்த ஆளுக்குத் தூக்கிக் கொடுப்பதா? ஓடைப் பக்கத்துச் சமதரையைக் காட்டினார்.

"அங்கன சொட்டுத் தண்ணி நிக்காது சார்."

ஜூன் பிறந்தால் அடியிலிருந்து ஊற்றுக் கிளம்பி அங்கே வாத்து நீந்தும். மார்ச்சில் பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

இரண்டு நாள் கழித்து ஹாலில் வரைபடத்தை விரித்தார்கள். வேதமுத்துவையும் உள்ளே கூப்பிட்டு நிறுத்தினார் பூபதிராஜா. "இந்தத் தொழில்ல மொதல் பாடம், புல் வெட்டறவரைக் கேக்கறதுங்க. அஞ்சாவது கிரீன் இவர் காட்டுன எடத்துல. என் கண்ணுக்கு அது சரியாப் படலீங்க. ஆனா இவர் சொன்னா அதுதான்."

எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கை தட்டினார்கள். இருபத்தாறு வருடத்தில் முதல் கைதட்டல், அதுவும் ஒரு பொய்க்கு. வேதமுத்துவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"சார், அங்கன ஊத்தெடுக்கும். நான் பொய் சொல்லிட்டேன்."

"ஏனுங்க அப்படி?"

"வயித்தெரிச்சல் சார்."

பூபதிராஜா தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். "செரி, நல்ல எடத்தைக் காட்டுங்க."

வேதமுத்து கூட்டிப்போன மேட்டின்மேல் பூபதிராஜா நின்று சுற்றிலும் பார்த்தார், காலால் புல்லை அமுக்கினார். "இங்க நான் செய்யறதுக்கு ஒண்ணுமே இல்லைங்க" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அவர் வாயில் கிடையாது என்பது வேதமுத்துவுக்குத் தெரியும். அன்று இரவு வீட்டில் இரண்டு தட்டுச் சோறு கேட்டுச் சாப்பிட்டார்.

அடுத்த மாதம் கிளப் பத்திரிகையில் மேட்டின் படம் வந்தது. அடியில், 'பூபதிராஜா கண்டெடுத்த ஐந்தாவது கிரீன்' என்று போட்டிருந்தார்கள். வேதமுத்துவுக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. இந்தத் தடவை எரிய அதற்கு முழு உரிமை இருந்தது.